அரசாங்கம் பூட்டி வைத்த ஜந்து: ஒரு சில படங்கள் மட்டும் ஏன் மனதில் நிற்கின்றன?

கேள்வி இதுதான்: ராணுவம் ரகசியமாகப் பூட்டி வைத்த வேற்றுக்கிரக ஜந்து தப்பித்து வெளியே வருகிறது. நாலைந்து சாதாரண ஆட்கள் அதைச் சமாளிக்கிறார்கள். ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்துவிடுகிறது. இந்த மாதிரி லேசான ஹாலிவுட் படங்கள் ஏராளமாக வந்திருக்கின்றன, கதையும் ஏறக்குறைய ஒன்றேதான். அப்படியிருக்க, சிலவற்றை மட்டும் நாலு தடவை பார்க்க முடிகிறதே, மற்றவற்றை இருபது நிமிடம்கூடத் தாங்க முடியவில்லையே, ஏன்?

சிறு வயதிலிருந்து இந்த வகைப் படங்களை விடாமல் பார்த்து வருகிறேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பலரும் ஜந்துதான் படத்தைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறார்கள். கிராபிக்ஸ் நன்றாக இருந்தால் படம் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. என் அனுபவத்தில் படத்தைத் தூக்கி நிறுத்துவது ரகசியம்தான். யார் மறைக்கிறார்கள், எதற்காக மறைக்கிறார்கள், என்ன பொய் சொல்லி மறைக்கிறார்கள் என்பதை யோசித்து எழுதிய படத்தில் ஜந்து சுமாராக இருந்தாலும் நம்பிக்கை வந்துவிடும். அதை யோசிக்காத படத்தில் எத்தனை கோடி டாலர் கொட்டினாலும் அந்த ஜந்து பொம்மையாகத்தான் நிற்கும்.

இதை விளங்கிக்கொள்ள நிஜத்தில் நடந்ததை முதலில் பார்க்க வேண்டும். இந்தப் படங்கள் வெறும் கற்பனையிலிருந்து பிறந்தவை அல்ல.

1947 ஜூன் 24 அன்று, வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைப் பக்கம் தனது சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த கென்னத் ஆர்னால்ட், பளபளக்கும் ஒன்பது பொருள்கள் படுவேகமாகப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீர் மேல் தட்டை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்றார். அவர் சொன்னது போகிற விதத்தை. பத்திரிகைகள் அதை வடிவமாக எடுத்துக்கொண்டன. 'பறக்கும் தட்டு' என்ற பெயர் பிறந்தது அப்படித்தான்.

இரண்டு வாரம் கழித்து ஜூலை 8 அன்று, நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் விமானத் தளம், பறக்கும் தட்டு ஒன்று தங்களுக்குக் கிடைத்திருப்பதாகத் தானே அறிக்கை கொடுத்தது. அன்றைக்கே மேலதிகாரிகள் அது வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னார்கள். உடைசலைக் கண்டெடுத்த பண்ணைக்காரர் மேக் பிரேசல் உள்ளூர் பத்திரிகைக்குச் சொன்ன விவரம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரப்பர் துண்டுகள், வெள்ளித்தாள், தடித்த காகிதம், குச்சிகள், அப்புறம் பூப்போட்ட டேப். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே வரும் என்றார். வேறு கிரகத்திலிருந்து வந்த கப்பலில் பூப்போட்ட டேப்!

அந்த டேப்புக்கு விளக்கம் கிடைக்க 47 வருடங்கள் ஆயின. 1994இல் அமெரிக்க விமானப்படை வெளியிட்ட அறிக்கை, அது வானிலை பலூனே இல்லை என்று ஒப்புக்கொண்டது. 'மொகல்' என்ற ரகசியத் திட்டத்துக்காக ஒன்றோடொன்று கட்டி அனுப்பிய பலூன் வரிசை அது. சோவியத் யூனியன் அணுகுண்டு வெடித்துப் பார்த்தால் அந்த ஒலி வளிமண்டலத்தின் மேல் அடுக்கு வழியாக வெகுதூரம் பரவும், அதை ஒட்டுக்கேட்க வேண்டும் என்பதற்காகக் கருவிகளைத் தொங்கவிட்டு மேலே அனுப்பினார்கள். பலூன் எங்கே போகிறது என்று ராடாரில் தெரிவதற்காக வெள்ளித்தாள் ஒட்டிய பிரதிபலிப்பான்களைக் கட்டினார்கள். அவற்றைச் செய்யும் வேலை நியூயார்க்கில் ஒரு பொம்மைக் கம்பெனிக்குப் போயிருந்தது. அங்கே கையில் இருந்த டேப்பில் பூ அச்சடித்திருந்தது. அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசாங்கம் பொய் சொன்னது உண்மை. ரகசியம் இருந்ததும் உண்மை. வேற்றுக்கிரகவாசி மட்டும்தான் இல்லை. 'எதையோ மறைக்கிறார்கள்' என்று மக்களுக்குத் தோன்றியது தப்பே இல்லை. மறைத்தது என்ன என்ற இடத்தை அவர்களாகவே நிரப்பிக்கொண்டார்கள். அந்தக் காலி இடத்தில்தான் நாம் பேசும் படங்கள் எல்லாம் முளைத்தன.

நெவாடா பாலைவனத்தில் இருக்கும் ரகசிய விமானத் தளமான ஏரியா 51இன் கதையும் இதே மாதிரிதான். 1955இல் குரூம் ஏரி என்ற வறண்ட ஏரிப் படுகையில் யூ-2 உளவு விமானத்தைச் சோதித்தார்கள். அந்தக் காலத்துப் பயணிகள் விமானங்கள் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் அடிக்குள் பறந்தன. யூ-2 அறுபதாயிரம் அடிக்கும் மேலே போனது. அந்த உயரத்தில் மனிதன் பறக்க முடியும் என்றே அப்போது பெரும்பாலோர் நினைக்கவில்லை. ஒரு பயணிகள் விமான ஓட்டியின் இடத்தில் நின்று பாருங்கள். சூரியன் மறைந்துவிட்டது, உங்களைச் சுற்றி இருட்டு. அறுபதாயிரம் அடியில் மட்டும் இன்னும் வெயில் அடிக்கிறது. அந்த வெள்ளி இறக்கைகளில் வெயில் பட்டு, தலைக்கு வெகு மேலே நெருப்புத் துண்டு மாதிரி ஏதோ போகிறது. அவர் கீழே இறங்கியதும் புகார் எழுதத்தானே செய்வார்?

அந்தப் புகார்கள், பறக்கும் தட்டுப் புகார்களை விசாரிக்க விமானப்படை வைத்திருந்த 'புளூ புக்' திட்டத்துக்குப் போயின. 1969இல் மூடப்படும் வரை 12,618 புகார்களை அது பதிவு செய்தது. அதில் 701 மட்டும் கடைசி வரை விளக்கம் கிடைக்காதவை. விசாரணை அதிகாரிகள் புகாரின் நேரத்தையும் இடத்தையும் யூ-2 பறந்த பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி, இது நம்முடையது என்று தெரிந்துகொண்டார்கள். எழுதியவரிடம் அதைச் சொல்ல முடியாது. சொன்னால் உளவு விமானம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். மேகம், பனிப்படிகம் என்று எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வே தன் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறது. அந்தத் தளம் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் ஆவணம் 2013இல்தான் வெளியானது.

பதில் தெரிந்த ஒருவர், நேர்மையாகக் கேட்கும் ஒருவருக்குத் தெரிந்தே தவறான பதிலை எழுதி அனுப்புகிறார். அவர் கெட்டவர் இல்லை, வேலையைச் செய்கிறார். இந்த வகைப் படத்துக்கு வேண்டிய ஆள் இவர்தான். பல திரைக்கதைகள் கோட்டை விடுவதும் இவரைத்தான். அவர் இருக்க வேண்டிய இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தும் ஒரு கர்னலை நிறுத்திவிடுகிறார்கள்.

சினிமா இங்கே வந்து சேர்ந்த வழியும் சுவாரஸ்யமானது. 1950களின் ஜந்துப் படங்களில் ராணுவம் வில்லன் இல்லை. 1951இல் வந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' படத்தில் வடதுருவத்துப் பனிக்குள் கிடைக்கும் வேற்றுக்கிரக ஜந்துவோடு போராடி ஜெயிப்பது விமானப்படை ஆட்கள்தான். கூடவே ஒரு பத்திரிகையாளர் இருப்பார். செய்தி அனுப்ப அனுமதி கேட்டுக்கொண்டே இருப்பார், கிடைக்காது. கடைசியில் அனுமதி கிடைத்து அவர் உலகத்துக்கே அறிவிப்பதோடு படம் முடியும். அதாவது ரகசியம் இருந்தது, ஆனால் தற்காலிகமாக. அதை வைத்திருந்தவர்கள் மேல் படத்துக்கும் கோபமில்லை, பார்த்தவர்களுக்கும் கோபமில்லை. 1954இல் வந்த 'தெம்!' படத்தில் ராட்சத எறும்புகள் அணுகுண்டுச் சோதனையின் விளைவு. குண்டு வெடித்தது அரசாங்கம், ஆனாலும் மக்களைக் காப்பாற்றுவதும் அதே அரசாங்கம்தான்.

வியட்நாம் போரும், அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலும் இந்த நம்பிக்கையை உடைத்தன. ராஸ்வெல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1947க்குப் பிறகு முப்பது வருடம் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. 1978இல் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் பேட்டிக்குப் பிறகுதான் அது மறுபடி கிளம்பியது. பிணங்களை எடுத்து ஒளித்தார்கள் என்பதெல்லாம் அதற்குப் பின்னால் பரவியவை. 1977இல் 'குளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்' படத்தில், விண்கலம் இறங்கும் இடத்திலிருந்து மக்களைக் காலிசெய்ய விஷவாயு கசிந்துவிட்டதாக ராணுவம் கதை கட்டும். அரசாங்கம் பொய் சொல்லும் என்பதை அந்தப் படம் யாருக்கும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. திரையரங்கில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரியும்.

சரி, எழுத்தாளருக்கு இந்த ரகசியம் எந்த வகையில் உதவுகிறது? லேசான படம் என்றால் பட்ஜெட்டும் கம்மி, நேரமும் கம்மி. ஜந்துவைப் படம் முழுக்கக் காட்ட முடியாது. காட்டாமல் இருக்கக் கதைக்குள்ளேயே காரணம் வேண்டும். ரகசியம் அதைக் கொடுத்துவிடுகிறது: பூட்டிய லாரி, கறுப்பு மையால் அடித்த காகிதம், பாதி கேட்டு அறுந்துபோகும் ரேடியோ. அதோடு, போலீஸையும் ராணுவத்தையும் ஏன் கூப்பிடவில்லை என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது. கூப்பிட்டால் வருபவர்கள் காப்பாற்றப் போவதில்லை, கூப்பிட்டவரைத்தான் முதலில் பிடித்து வைப்பார்கள். அதனால்தான் பள்ளிக்கூடப் பையனும் பெட்ரோல் பங்க் ஊழியரும் ஜந்துவை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்கிறது.

ரகசியத்தைக் கண்ணுக்கு அழகாகக் காட்டிய படம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் 1982இல் வந்த 'ஈ.டி.'யைச் சொல்வேன். அது ஜந்துப் படம் இல்லைதான். ஆனால் பின்னால் வந்த ஜந்துப் படங்கள் நிறைய அதிலிருந்து எடுத்துக்கொண்டன. பூமியில் சிக்கிக்கொண்ட வேற்றுக்கிரகவாசியைத் தேடி வரும் அரசாங்க ஆட்களின் முகத்தைப் படம் வெகுநேரம் காட்டாது. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துதான் தெரியும், நடக்கும்போது கிலுகிலுவென்று அது எழுப்பும் சத்தம் கேட்கும். அந்தக் கதாபாத்திரத்துக்குப் பெயர்ப் பட்டியலில்கூட 'சாவி' என்றுதான் போட்டிருப்பார்கள். ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் அதிகாரம் என்பது இடுப்பில் தொங்கும் சாவிதான். எத்தனை பூட்டுக்கு அவரிடம் சாவி இருக்கிறது என்பதை நினைத்தாலே பயம் வந்துவிடும். இதற்குச் செலவு என்ன? ஒரு சாவிக்கொத்து.

அதே வழியில் 2011இல் வந்தது 'சூப்பர் 8'. 1979இல் ஓஹையோவின் ஒரு சிற்றூரில் விமானப்படையின் ரயில் தடம் புரண்டு, உள்ளே இருந்தது தப்பித்துவிடும். ஜந்துவைப் பாதிப் படம் வரை சரியாகக் காட்ட மாட்டார்கள். அதற்குப் பதில் ஊரில் நாய்கள் காணாமல் போகும். துணை ஷெரிஃப், நாய்கள் கிடைத்த இடங்களை ஒரு வரைபடத்தில் குண்டூசி குத்திக்கொண்டே வருவார். பார்த்தால் ஊரைச் சுற்றி வட்டமாகக் குண்டூசிகள் நிற்கும், நடுவில் ஒன்றுகூட இருக்காது. எல்லா நாய்களும் எதையோ விட்டு எல்லாத் திசையிலும் ஓடியிருக்கின்றன! பல்லும் நகமும் ரத்தமும் காட்டாமல், ஒரு வரைபடத்தையும் சில குண்டூசிகளையும் வைத்து முதுகுத்தண்டைச் சில்லிட வைத்துவிட்டார்கள். ஜந்துவை முழுசாகக் காட்டும் கடைசிப் பகுதி அந்தக் குண்டூசிகள் அளவுக்கு என் நினைவில் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

லேசான படம் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் பலர் அதை மட்டமான படம் என்று புரிந்துகொள்கிறார்கள். லேசாக எடுப்பது கஷ்டமான வேலை. சிரிப்பும் வர வேண்டும், பயமும் போய்விடக் கூடாது. படத்தில் இருப்பவர்களே ஜந்துவைக் கேலி செய்ய ஆரம்பித்தால் பயம் போய்விடும், அதோடு சிரிப்பும் போய்விடும். அவர்கள் பயந்துகொண்டே தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்யும்போதுதான் சிரிப்பு தானாக வரும்.

2001இல் வந்த 'இவல்யூஷன்' இதற்கு நல்ல உதாரணம். முதலில் சீரியஸான பயங்கரப் படமாக எழுதப்பட்ட கதை. இயக்குநர் ஐவன் ரைட்மேன் அதை நகைச்சுவையாக மாற்றினார். அரிசோனாவில் விழுந்த விண்கல்லில் வந்த உயிர் மணிக்கு மணி பரிணாமம் அடைகிறது. கண்டுபிடித்தவர்கள் சிறு கல்லூரி ஆசிரியர்கள் இருவர். ராணுவம் வந்து இடத்தை வளைத்துக்கொண்டு அவர்களைத் துரத்திவிடும். அப்புறம் எரித்துவிடலாம் என்று நேபாம் என்ற தீக்குண்டோடு கிளம்பும். வெப்பம்தான் அந்த உயிரை வளர்க்கிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும், ராணுவத்துக்குத் தெரியாது. மறைத்ததால் வந்த வினை இது. விஷயம் தெரிந்தவர்களை வெளியே தள்ளிவிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள்.

அந்த உயிரைக் கொல்ல அவர்கள் கண்டுபிடிக்கும் வழி எனக்கு மிகவும் பிடிக்கும். நம் உடலுக்கு அடிப்படை கார்பன், நமக்கு விஷம் ஆர்செனிக். தனிம அட்டவணையில் கார்பனிலிருந்து இரண்டு கட்டம் கீழே, ஒரு கட்டம் வலது பக்கம் போனால் ஆர்செனிக் இருக்கும். அந்த ஜந்துக்களுக்கு அடிப்படை நைட்ரஜன். அங்கிருந்து அதே மாதிரி இரண்டு கீழே, ஒன்று வலது போனால் வருவது செலினியம். வீட்டிலேயே செலினியம் எங்கே கிடைக்கும்? பொடுகு ஷாம்புவில்! தீயணைப்பு வண்டி நிறைய ஷாம்புவை நிரப்பிக்கொண்டு கிளம்புகிறார்கள். நிஜ வேதியியலில் விஷத்தை இப்படிக் கட்டம் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அட்டவணையை எடுத்து வைத்து எண்ணிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். சில பொடுகு ஷாம்புகளில் செலினியம் சல்பைடு இருப்பதும் உண்மை. லேசான படத்துக்கு இந்த அளவு அறிவியல் தாராளமாகப் போதும். தான் போட்ட விதியைப் படம் தானே மீறக் கூடாது, அதுதான் முக்கியம். விமர்சகர்கள் பலர் இந்தப் படத்தை ஒதுக்கினார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே நான் அதன் பக்கம் நிற்பேன்.

1997இல் வந்த 'மென் இன் பிளாக்' கோணத்தையே திருப்பிப் போட்டது. ரகசியத்தை உடைப்பவர்களைப் பற்றிப் பேசாமல், காப்பவர்கள் பக்கம் கேமராவை வைத்தது. அதற்கும் வேர் பழைய கதைதான். 1953இல் கனெடிகட் மாநிலத்தில் பறக்கும் தட்டு ஆர்வலர் சங்கம் நடத்திய ஆல்பர்ட் பெண்டர் திடீரென்று சங்கத்தை மூடிவிட்டு, கறுப்பு உடை போட்ட மூன்று பேர் வந்து எச்சரித்ததாகச் சொன்னார். அந்த மூவரும் பல வருடம் அச்சமூட்டும் உருவங்களாகவே உலவினார்கள். படம் அவர்களுக்கு அலுவலகமும் மேசையும் ஓய்வுபெறும் வயதும் கொடுத்தது. பார்த்தவரின் நினைவை ஒரு பளிச் வெளிச்சத்தில் அழித்துவிட்டு அவருக்கு ஒரு பொய்யைச் சொல்லி அனுப்புவார்கள். புளூ புக் அதிகாரி கடிதத்தில் செய்ததும் இதைத்தானே? அந்தப் படத்தில் வில்லன் ஒரு ராட்சதப் பூச்சி, ஒரு விவசாயியின் தோலை மாட்டிக்கொண்டு திரியும். நடிகர் வின்சென்ட் டோனோஃப்ரியோ முழங்காலை மடக்க முடியாதபடி பட்டை கட்டிக்கொண்டு நடந்தார். அளவு சேராத சட்டையை மாட்டிக்கொண்டவர் மாதிரி அந்தத் தோலுக்குள் அவர் நெளிவதைப் பாருங்கள், கிராபிக்ஸ் தேவையே இல்லை. மேக்கப்புக்காக அந்தப் படத்தின் ரிக் பேக்கருக்கும் டேவிட் லெராய் ஆண்டர்சனுக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

கெட்டுப்போகும் படங்கள் எங்கே கெடுகின்றன என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஜந்து எதைக் கண்டு வரும், எதற்கு ஒதுங்கும் என்ற விதி இருக்காது, அல்லது பாதியில் மாறிவிடும். அரசாங்கம் அதை ஏன் கொல்லாமல் வைத்திருந்தது என்று கேட்டால் 'ஆயுதமாக்க' என்ற ஒரே பதில் வரும், அதையும் கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது பேசியே சொல்லி முடிப்பார்கள். காரணம் சொல்லாமல் விடுவதுகூட இதைவிட மேல். 1990இல் வந்த 'ட்ரெமர்ஸ்' படத்தில் மண்ணுக்கடியில் அதிர்வைக் கேட்டு வரும் ராட்சதப் புழுக்கள் எங்கிருந்து வந்தன என்று ஊர்க்காரர்கள் கடையில் உட்கார்ந்து விவாதிப்பார்கள். விண்வெளி என்பார் ஒருவர், அரசாங்கம் செய்தது என்பார் இன்னொருவர். படம் கடைசி வரை பதில் சொல்லாது. ஆனால் அதிர்வு என்ற விதியை மட்டும் ஒரு காட்சியில்கூட விட்டுக்கொடுக்காது.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றால், முதலில் 'ட்ரெமர்ஸ்', அதில் விதி எப்படிக் கதையை நடத்துகிறது என்று தெரியும். பிறகு 'மென் இன் பிளாக்'. அதற்கப்புறம் 'சூப்பர் 8'ஐ இரவில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். அந்த வரைபடம் வரும்போது கொஞ்சம் நிறுத்தி, நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள்.